மேல்வீட்டுத் தண்ணீர்

நாதஸ்வரக்காரர் கச்சேரிக்கு முன்னால் சீவாளியை மட்டும் தனியாக உதட்டில் வைத்து ஊதிப் பார்ப்பாரே, கேட்டிருக்கிறீர்களா? பாட்டாக இருக்காது. மெல்லிய ஒரு இழை கிளம்பும், அறுந்து போகும், மறுபடி கிளம்பும். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஒரு புரட்டாசி மாதக் காலையில், குளித்துக்கொண்டிருந்தபோது அதைக் கேட்டேன். குழாயை மூடிவிட்டு நின்றேன். என் காலுக்கு அடியிலிருந்து வந்தது. இது மாயவரம், இந்த ஊரில் தரைக்கு அடியிலிருந்து நாதஸ்வரம் கேட்டால்கூடத் திடுக்கிடக் கூடாது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

கீழ்வீட்டுக் குழந்தையின் மூச்சு அது என்று இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது.

உட்காருங்கள். குழந்தையை அந்தச் சோபாவில் படுக்க வைக்கலாம். வேண்டாமா? சரி, மடியிலேயே தூங்கட்டும். மழை விடுகிற வரைக்கும் நீங்கள் எங்கே போகப் போகிறீர்கள்? சாவி இதோ, கையில் வைத்துக்கொள்ளுங்கள். கீழ்வீட்டைப் பார்க்க வருகிறவர்களை முதலில் மேலே கூப்பிட்டு ஒரு வாய் காப்பி கொடுத்துவிடுவேன். வீட்டுச் சொந்தக்காரர் தாமோதரன் கடலூரில் இருக்கிறார். ஒவ்வொரு தடவையும் அவரால் ஓடி வர முடியுமா? "மேடம், நீங்க பார்த்துக் கொடுத்தா போதும்" என்பார். நானும் இங்கே வாடகைக்கு இருப்பவள்தான். இருபத்திரண்டு வருஷமாகிறது. என் வாடகையை அவர் ஒரு தடவைகூட ஏற்றியதில்லை. அந்த மரியாதை அவருக்கு உண்டு.

எதையும் மறைக்கக் கூடாது என்பது என் கொள்கை. முப்பத்தோரு வருஷம் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். அதனால் நானே சொல்லிவிடுகிறேன். கீழே படுக்கையறையில் ஒரு சுவர் முழுக்கப் பிளாஸ்டிக் பலகை அடித்திருக்கும். அழகுக்காக அடித்ததில்லை. அந்தச் சுவரில் கொஞ்சம் ஓதம் உண்டு. கொஞ்சம்தான். அதை ஒரு பெரிய வழக்காக்கி, மனு, நஷ்ட ஈடு என்று அலைந்தாள் ஒரு பெண். அந்தக் கதையை வேறு யாராவது உங்களுக்குக் கோணல்மாணலாகச் சொல்வதற்கு முன்னால் நான் நேராகச் சொல்லிவிட வேண்டும்.

அபிராமி என்று பெயர். திருக்கடையூர்ப் பக்கத்துப் பெண். புருஷன் மினி பஸ்ஸில் கண்டக்டர். ஒரே குழந்தை, பெண். மூன்று வயசு இருக்கும். வாயில் நுழையாத ஒரு வடக்கத்திப் பெயர் அதற்கு. தமிழில் பெயருக்கா பஞ்சம் என்று குடிவந்த அன்றே கேட்டேன். "அவங்கப்பா நெட்ல பாத்து வெச்சாரு டீச்சரம்மா" என்றாள். டீச்சரம்மா! பேராசிரியர் என்று மூன்று தடவை சொல்லிக்கொடுத்தேன். மூன்று தடவையும் பணிவாகத் தலையாட்டினாள். நாலாவது தடவையும் டீச்சரம்மாதான். ஆனால் நல்ல பெண். பொய் சொல்ல மாட்டேன், நல்ல பெண். அவர்கள் வீட்டில் கொழுக்கட்டை செய்தால் முதல் ஈடு எனக்கு வந்துவிடும்.

குடிவந்து எட்டொன்பது மாதம் இருக்கும். ஒரு நாள் படியேறி வந்து வாசலிலேயே நின்றுகொண்டு, புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு கேட்டாள்.

"டீச்சரம்மா, நீங்க ஒரு நாளைக்கு எத்தன தடவ குளிப்பீங்க?"

நீங்களே சொல்லுங்கள், ஒரு பெண் இன்னொரு பெண்ணைக் கேட்கிற கேள்வியா இது? "ஏம்மா, குளிப்பதற்கும் கணக்கு சொல்ல வேண்டுமா?" என்றேன்.

"ஐயோ அப்படியில்ல. தப்பா நெனச்சுக்காதீங்க. நீங்க குளிச்சு முடிச்ச அரை மணி நேரத்துல எங்க ரூம்பு செவுத்துல தண்ணி எறங்குது. காலைல ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ. நீங்க ஊருக்குப் போயிருந்தீங்களே நாலு நாளு, அப்ப மட்டும் காஞ்சு கெடந்துச்சு. பாப்பாவும் அந்த நாலு நாளும் நல்லாத் தூங்குச்சு."

இரண்டு வேளை குளிப்பேன். முக்கால் மணி நேரம் ஆகும். அது சோம்பேறித்தனம் இல்லை. கவிதை எனக்கு அங்கேதான் வரும். தண்ணீர் விழுகிற சத்தத்தில் ஒரு சொல் தானாகப் பிரிந்து வரும் பாருங்கள், அதற்காகக் காத்திருக்க வேண்டும். இதையெல்லாம் அவளிடம் எப்படிச் சொல்வது? "மழைக்காலம்மா, எல்லா வீட்டிலும்தான் கசியும்" என்று சொல்லி அனுப்பினேன்.

அவள் விடவில்லை. என் கையைப் பிடித்து ஒரு நாள் கீழே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். அந்தச் சுவர் அம்மை வார்த்த முதுகு மாதிரி இருந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். காரை பொரிந்து விரலால் தொட்டால் உதிர்ந்தது. அதன் மேல் பென்சிலால் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தாள். உத்தரத்திலிருந்து கீழே வருகிற கோடுகள், ஈரம் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பதற்கு. தரையிலிருந்து மேலே போகிற கோடுகள் குழந்தையின் உயரத்துக்கு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி. இரண்டுக்கும் நடுவில் இரண்டு முழம் இடைவெளி இருந்தது.

"இது ரெண்டும் முட்டிக்கறதுக்குள்ள எதாச்சும் பண்ணிடணும் டீச்சரம்மா" என்றாள்.

வாடகை வீட்டுச் சுவரில் கிறுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு வந்தேன். யாராவது அவளுக்குச் சொல்லத்தானே வேண்டும்.

அப்புறம் அவள் புருஷன் ஒரு கொத்தனாரைக் கூட்டி வந்தான். அந்த ஆள் என் குளியலறைக்குள் செருப்புக்காலோடு போய், தரையைத் தட்டித் தட்டிப் பார்த்து, "தண்ணி போற ஓட்டையைச் சுத்தி வெடிச்சிருக்கும்மா. தரைய ஒடச்சுப் பூசணும். பத்து நாள் இத யாரும் பொழங்கக் கூடாது" என்றான்.

பத்து நாள்!

அபிராமி தாமோதரனுக்குப் போன் செய்தாள். அவர் என்ன பெரிய மனசோடு சொன்னார் தெரியுமா? "மேல மேடம் சரின்னு சொல்லட்டும்மா, நாளைக்கே ஆள விடுறேன். அவங்க மனசு கஷ்டப்படற மாதிரி நான் எதுவும் செய்ய மாட்டேன்." இப்படி ஒரு சொந்தக்காரர் யாருக்குக் கிடைப்பார்? முடிவை என் கையில் கொடுத்துவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலமே மேலே வந்தாள். இடுப்பில் குழந்தை. அது அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டு அந்தச் சத்தத்தோடு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் கேட்டால் அவ்வளவு இனிமையாக இல்லை. தூரம்தான் எந்த ஒலிக்கும் அழகு.

"பத்து நாளு எங்க பாத்ரூம நீங்க எடுத்துக்குங்க டீச்சரம்மா. நாங்க பின்னாடி அடிபம்புல குளிச்சிக்கறோம். நான் தெனம் கழுவி, வெந்நீர் வெச்சு, வாளிய நெரப்பி வெச்சிட்டுக் கூப்புடறேன். நீங்க வந்து ஊத்திக்கிட்டுப் போனாப் போதும்."

நன்றாகத்தான் கேட்டாள். ஆனால் அடுத்தவர் குளியலறை எனக்கு ஆகாது. விடுதியில் இருந்த காலத்திலிருந்தே ஆகாது. அதுவும் என் தொகுப்பு அச்சுக்குப் போகிற சமயம். இன்னும் ஏழெட்டுக் கவிதை முடிக்க வேண்டியிருந்தது. பத்து நாள் தண்ணீர்ச் சத்தம் இல்லாமல் நான் என்ன செய்வேன்? "கோடை வரட்டும் அபிராமி, பார்க்கலாம்" என்றேன். இல்லை என்று நான் சொல்லவே இல்லை. கவனித்துக்கொள்ளுங்கள், நான் ஒருபோதும் இல்லை என்று சொல்லவில்லை.

சீவாளி என்ற கவிதையை அந்த வாரம்தான் எழுதினேன். பதினான்கு வரி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஐப்பசி மாதம். அவர்கள் மகளிர் குழுக் கூட்டத்துக்கு யாரோ ஒரு வக்கீல் பெண் வந்து பேசினாளாம். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் உரிமை உண்டு, சுவர் ஒழுகினால் சரி செய்து கொடுக்கச் சொல்லிக் கேட்கலாம், அதனால் உடம்புக்கு வந்தால் நஷ்ட ஈடும் கேட்கலாம், வாடகை அதிகாரி அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்தால் போதும் என்று சொல்லியிருக்கிறாள். இவள் அதைப் பிடித்துக்கொண்டாள். மனு எழுத யாரிடம் வருவாள்? என்னிடம்தான் வந்தாள். கூச்சப்பட்டுக்கொண்டு வந்தாள். "ஓங்க பாத்ரூம் வெவகாரத்துக்கு ஓங்ககிட்டயே வர்றேனேன்னு இருக்கு. ஆனா நீங்க எழுதுனா ஆபீஸ்ல மதிப்பாங்க டீச்சரம்மா. வேற யாரு இருக்கா எனக்கு?"

பார்த்தீர்களா, என் மேல் அவளுக்கு எவ்வளவு நம்பிக்கை!

கையில் ஒரு சுருள் கொண்டு வந்திருந்தாள். மளிகைக் கடையில் கொடுக்கிற மாதக் காலண்டர். மாதம் முடியமுடியக் கிழித்த தாள்கள், பத்து. நடப்பு மாதத்தையும் சேர்த்துக் கிழித்துக்கொண்டு வந்திருந்தாள், ஆகப் பதினொன்று. நம் பெண்கள் அதில் பால் பாக்கெட்டையும் காஸ் வந்த தேதியையும் குறிப்பார்கள் இல்லையா, அது மாதிரி ஒவ்வொரு கட்டத்திலும் எழுதியிருந்தாள். 'பால் 1. சுவர் ஈரம்.' 'பால் 1. இழுப்பு, ரா பூரா.' 'ஓனருக்குப் போன். எடுக்கல.' 'ஓனருக்குப் போன். பாக்கலாம்னாரு.' 'ஆஸ்பத்திரி, 3 நாள்.' 'பாய் நாறுது, தூக்கிப் போட்டேன்.' ஒரே எழுத்துப் பிழை. பதினொரு மாதமும் இப்படியே.

"இதையெல்லாம் மனுவோட சேத்துக் குடுக்கலாமா டீச்சரம்மா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பால் கணக்கையா ஒரு அரசு அலுவலகத்தில் போய் நீட்டுவது? "இது இங்கே இருக்கட்டும். அழுகையைப் பட்டியல் போட்டால் யாரும் உருக மாட்டார்கள். உருக்குகிற மாதிரி நான் எழுதுகிறேன்" என்றேன்.

மூன்று நாள் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். அவள் சொன்னதை அப்படியே எழுத முடியுமா? "மேல்வீட்டு பாத்ரூம்லேர்ந்து தண்ணி எறங்குதுன்னு போடுங்க" என்றாள். மேலே, கீழே என்று விரல் நீட்டுவது எழுத்துக்கு அழகில்லை. 'ஓயாத ஓர் ஈரம் எம் வாழ்வைச் சூழ்ந்தது' என்று போட்டேன். குழந்தையின் பெயர், வயசு எல்லாம் வேண்டும் என்றாள். அந்தப் பெயர் என் பேனாவில் வரவில்லை. 'ஒரு பிஞ்சு' என்று எழுதினேன். எல்லாப் பிஞ்சுக்கும் பொருந்துமே. தேதிகளை எடுத்துவிட்டேன். தேதி வந்தால் உரைநடை நொண்டும். நஷ்ட ஈடு என்ற சொல்லில் கடைத்தெரு வாடை அடித்தது. அதைத் 'தக்கதோர் ஆறுதல்' என்று மாற்றினேன்.

படித்துக் காட்டினேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எனக்கு முழுசாப் புரியல, ஆனா நல்லா இருக்கு டீச்சரம்மா" என்றாள். இதற்கு மேல் ஒரு எழுத்தாளருக்கு என்ன வேண்டும்?

மனுவைக் கொடுத்தாள். மார்கழியில் கூப்பிட்டார்கள். திரும்பி வந்து படியில் உட்கார்ந்துகொண்டு நடந்ததைச் சொன்னாள். அந்த அதிகாரி மனுவை இரண்டு தடவை படித்தாராம். கண்ணாடியைக் கழற்றினாராம். "ஏம்மா, இது மனுவா, கவிதையா?" என்று கேட்டாராம்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நாற்பது வருஷம் எழுதுகிறேன். இந்த ஊர்த் தமிழ் மன்றத்தில் ஒருவர்கூட அப்படிக் கேட்டதில்லை. ஒரு அரசு அதிகாரி, முன்பின் தெரியாதவர், கையெழுத்தைப் பார்த்து அல்ல, எழுத்தைப் பார்த்துக் கேட்டிருக்கிறார். "அப்படியேவா கேட்டார்? அதே வார்த்தையா?" என்று அவளை இரண்டு தடவை திரும்பச் சொல்ல வைத்தேன்.

அவள் முகம் ஏனோ செத்துப்போய்க் கிடந்தது. "எந்த ரூம்பு, தண்ணி எங்கேர்ந்து வருது, எந்தத் தேதியில ஓனர்கிட்ட சொன்னீங்க, யாருக்கு ஒடம்பு சரியில்ல, எவ்வளவு நஷ்ட ஈடு கேக்கறீங்க, இதுல ஒண்ணுமே இல்லையேம்மான்னு கேட்டாரு. நல்ல மனுசன்தான் டீச்சரம்மா. பதினஞ்சு நாள் டைம் குடுத்திருக்காரு. தேதி எழுதி வெச்சிருக்கேன்னு சொன்னேன். அதக் கொண்டா, அது போதும்னுட்டாரு. பொங்கல் கழிச்சு ஆளு வந்து செவுத்தையும் பாப்பாங்களாம். அந்தக் காலண்டர்த் தாளுங்களக் குடுங்க."

இங்கேதான் ஒரு சின்னச் சங்கடம். என் தொகுப்பு கார்த்திகையிலேயே அச்சாகி வந்துவிட்டது. முக்கியமானவர்களுக்குக் கொடுக்கிற பிரதிகளுக்கு நானே அட்டை போடுவேன், பள்ளிப் பிள்ளைகள் பாடப் புத்தகத்துக்குப் போடுகிற மாதிரி. அதற்கு மாதக் காலண்டர்த் தாளைப் போல வழவழப்பாக எதுவும் கிடையாது. பின்பக்கம் வெள்ளை வெளேர் என்றிருக்கும். அந்த வெள்ளை வெளியே தெரிகிற மாதிரி மடித்து, மைதாப் பசை தடவி, பதினொரு புத்தகத்துக்கும் போட்டு முடித்துவிட்டேன். பிரித்தால் புத்தகத்தின் அட்டையே உரிந்து வரும். நீங்களே சொல்லுங்கள், எப்படிப் பிரிப்பது?

"தேடிப் பார்க்கிறேன்மா" என்றேன்.

மறுநாள் வந்தாள். "கிடைச்சுதா டீச்சரம்மா?" அதற்கு மறுநாளும் வந்தாள். அலமாரியில் அவள் கண்ணுக்கு எதிரேதான் வரிசையாக இருந்தன, முதுகைக் காட்டிக்கொண்டு. நாலாவது நாள் நானே எரிச்சலாகி, "பழைய பேப்பரோடு போயிருக்கும் அபிராமி. வேண்டுமானால் இன்னொரு மனு எழுதித் தருகிறேன், இதைவிட நன்றாக" என்றேன். அவள் திரும்பி நடந்தாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். "பரவால்ல, செவுத்துல தேதி இருக்கு. அத வந்து பாக்கட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

காப்பி ஆறுகிறது. குடியுங்கள். தூக்கத்தில் என்ன அழகாக உதட்டைக் குவிக்கிறது பாருங்கள் உங்கள் குழந்தை. ஆணா, பெண்ணா? முடியை ஒட்ட வெட்டியிருப்பதால் தெரியவில்லை.

பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அந்தக் குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. தாமோதரன் போன் செய்தார். "மேடம், போகிக்கு முன்னால செவுரு அடிச்சிடலாம்னு பாக்கறேன். வருசா வருசம் எல்லாரும் அடிக்கிறதுதானே. கீழ்வீட்டுச் சாவி ஒண்ணு உங்ககிட்ட இருக்குல்ல?"

எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று கேட்காதீர்கள். அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் வராந்தாவில் கிடந்துவிட்டு வருவாள், வந்து கதவைத் திறந்தால் வீடு புதுசாகச் சிரிக்க வேண்டும் என்று தோன்றியது. சாவியைக் கொடுத்தேன். கொடுத்ததோடு இல்லை, கூடவே நின்றேன். பெயின்ட் அடிக்கிறவன் பச்சை என்றான். நான்தான் வெளிர் மஞ்சள் என்றேன். விடியற்காலை வெயில் மாதிரி ஒரு மஞ்சள். அந்தச் சுவருக்கு மட்டும் ஈரத்தின் மேலேயே மூன்று கோட் அடிக்கச் சொன்னேன். பென்சில் கோடு எல்லாம் மறைய வேண்டுமே. இரண்டு நாளில் முடித்தான். ஒரு கோடு தெரியவில்லை. ஜன்னலைச் சாத்தி, கதவைப் பூட்டி, சாவியை ஆணியில் மாட்டினேன். மறைவாக ஒருவருக்கு நல்லது செய்கிற சுகமே தனி.

மாட்டுப் பொங்கல் அன்று மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார்கள். நான் மேலேயிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று. கதவைத் திறந்தாள். உள்ளே போனாள். வெளியே வரவே இல்லை. ஒரு நன்றி கிடையாது. சற்று நேரம் கழித்து அவள் புருஷன் மட்டும் வெளியே வந்து தெருவில் நின்றுகொண்டு பீடி பற்ற வைத்தான்.

நானே இறங்கிப் போனேன். அவள் அந்தச் சுவரின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். குருடர்கள் தடவுவார்களே, அப்படி. கை முழுக்க மஞ்சள்.

"யாரு தொறந்து விட்டது டீச்சரம்மா?"

"நான்தான்மா. நிறம்கூட நான் பார்த்ததுதான். எப்படி இருக்கிறது?"

அவள் என்னையே பார்த்தாள். நான் வகுப்பில் ஆயிரம் முகம் பார்த்தவள், ஆனால் அந்தப் பார்வைக்கு இன்றைக்கு வரைக்கும் எனக்குச் சொல் கிடைக்கவில்லை. அப்புறம் மஞ்சள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, "நல்லாருக்கு" என்றாள்.

மறுநாள் காணும் பொங்கல். தமிழ் மன்றத்தில் என் தொகுப்பு வெளியீடு. பத்தரை மணிக்கு ஆட்டோ வரச் சொல்லியிருந்தேன். பட்டுப் புடவை கட்டி, கதவைப் பூட்டி, படியில் கால் வைத்தால் எதிரே இவள். தோளில் குழந்தை. காலையிலிருந்தே கீழேயிருந்து அந்தச் சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது. நல்ல சகுனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மேடையில் வாசிக்கப்போகிற கவிதையின் சத்தம் அல்லவா.

"பெயின்ட் வாடை ஒத்துக்கல டீச்சரம்மா. அவரு டூட்டிக்குப் போயிட்டாரு. ஒரு மணி நேரம் ஓங்க ஹால்ல படுக்க வெச்சுக்கறேன். ஓங்க வீடு காஞ்ச வீடு. இதுக்குக் கொஞ்சம் மூச்சு வந்துட்டாப் போதும், கெளம்பிடறேன்."

"பூட்டிவிட்டேனே அம்மா" என்றேன். பூட்டித்தானே இருந்தேன்? சாவி பையின் அடியில், புத்தகங்களுக்குக் கீழே. அதை எடுக்க எல்லாவற்றையும் வெளியே எடுக்க வேண்டும். ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கிறான். "இதோ, போய் வந்துவிடுகிறேன். வந்ததும் திறக்கிறேன்" என்று அவளைத் தாண்டி இறங்கினேன். புடவை அந்தக் குழந்தையின் கையில் சிக்கிக்கொண்டது. மெல்லத்தான் விடுவித்தேன்.

விழா பிரமாதம். என்னை மேடைக்கு அழைத்தபோது சரியாகப் பதினொரு மணி. சீவாளியை வாசித்தேன். 'மண்ணுக்குள் யார் ஊதும் மங்கலம் இது' என்று தொடங்கும். மூன்றாவது வரியிலேயே கைதட்டல். பொன்னாடை போட்டார்கள். அந்த அதிகாரி கேட்ட கேள்வியையும் என் ஏற்புரையில் சொன்னேன். சபை கொல்லென்று சிரித்து, அப்புறம் எழுந்து நின்று கைதட்டியது.

சாயங்காலம் திரும்பி வந்தபோது கீழே பூட்டியிருந்தது. அவ்வளவுதான். அந்த மாதமே காலி செய்துவிட்டார்கள். பொங்கல் கழித்து அலுவலகத்திலிருந்து ஆள் வந்து பார்த்தார். நான்தான் திறந்து காட்டினேன். "சுவர் நல்லாத்தானே இருக்கு" என்று எழுதிக்கொண்டார். மேலே வந்து காப்பி சாப்பிட்டார். என் குளியலறையைப் பார்க்கவில்லை, அவர் கேட்கவும் இல்லை. மனுதாரர் வரவில்லை என்று மனுவை முடித்துவிட்டார்களாம். புருஷன் வேறெங்கோ போய்விட்டான் என்று கேள்வி. அபிராமி திருப்பூரில் பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறாளாம். கொடுத்த அட்வான்ஸில் பெயின்ட் செலவைக் கழித்துக்கொண்டுதான் தாமோதரன் பாக்கியைக் கொடுத்தார். அது எல்லா ஊரிலும் வழக்கம்தானே, உங்களுக்கும் சொல்லியிருப்பாரே.

அதற்குப் பிறகு ஐந்து குடித்தனம் வந்து போயிற்று. ஒருவரும் ஒரு வருஷம் முழுசாக இருக்கவில்லை. இந்தக் காலத்து ஜனங்களுக்குப் பொறுமை கிடையாது. மூன்றாவதாக வந்தவர்கள் போனபிறகுதான் தாமோதரன் அந்தப் பலகையை அடித்தார். இப்போது ஈரம் கண்ணுக்கே தெரியாது.

இதுதான் அந்தத் தொகுப்பு. அட்டை போட்டதில் பத்தைக் கொடுத்துவிட்டேன், இது ஒன்றுதான் மிச்சம். உங்களைப் பார்த்தால் படிக்கிற முகமாக இருக்கிறது. எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அட்டையை அப்படிப் பிரித்துப் பார்க்காதீர்கள் அம்மா, கிழிந்துவிடும். உள்பக்கம் என்ன இருக்கப் போகிறது? கட்டம் கட்டமாக, ஆமாம், பால் கணக்கு. ஜூலை மாதமா? இருக்கும். என்ன வாசிக்கிறீர்கள்? வாய்விட்டு வாசிக்காதீர்கள், அது இலக்கியம் இல்லை. கவிதை உள்ளே இருபத்து மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? மழை இன்னும் விடவில்லையே. ஐந்து மணி ஆகிறது, எனக்கும் குளிக்கிற நேரம்தான், அதற்காக உங்களைப் போகச் சொல்லவில்லை. சாவியை மேசையில் வைத்துவிட்டீர்களே, வீட்டைப் பார்க்க வேண்டாமா? குழந்தைக்கு ஈரம் படும், குடையாவது எடுத்துக்கொள்ளுங்கள்.

என்ன கேட்டீர்கள்? அந்தக் குழந்தையா? பெயரா?

ஹர்ஷினி. மூன்றே முக்கால் வயசு. காணும் பொங்கல் அன்று பதினொரு மணிக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஆட்டோவிலேயே இறந்துவிட்டது.